கச்சான் காற்றுக்கு முன்னால் ஒரு பெட்டி

மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்த பிறகுதான் திருகோணமலையில் புதுத் தேனீப் பெட்டி வைக்க வேண்டும். ஆசைப்பட்டு ஆடி மாதத்தில் பெட்டி வைத்து, ஆவணியில் வெறும் பெட்டியைத் திறந்து பார்த்துக் கவலைப்பட்டவர்களை எனக்குத் தெரியும். பெட்டி நல்ல பெட்டி, தேனீயும் நல்ல தேனீ. மாதம்தான் பிழை.

இலங்கையில் தேனீ வளர்ப்பைப் பற்றிப் படிக்கப் போனால் பெரும்பாலும் மலைநாட்டைப் பற்றித்தான் படிக்க வேண்டியிருக்கும். விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவயில் இருக்கிறது. யூக்கலிப்டஸ் மரமும் குளிரும் உள்ள இடம் அது. அங்கே பழக்கப்பட்ட கைவேலை இங்கேயும் அப்படியே செல்லும். மாதக் கணக்கு மட்டும் செல்லாது. எங்கள் வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடையோடு வந்து கொட்டிவிடும். அது விட்டதும் காடும் வளவும் வயல் வரம்பும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கத் தொடங்கும். பனை பாளை விடும். மா பூக்கும். வேம்பு பங்குனி, சித்திரையில் முற்றமெல்லாம் வெள்ளையாக உதிர்க்கும். கன்னியாப் பக்கத்துக் காட்டில் பாலையும் வீரையும் இருக்கின்றன. பாலைப்பழம் சந்தைக்கு வருவதற்குச் சில மாதம் முன்பே அந்த மரத்தைத் தேனீ கண்டுவிடும். பிறகு வைகாசிக் கடைசியில் கச்சான் எழும்பும். மழையையெல்லாம் மேற்கிலும் மலையிலும் இறக்கிவிட்டு, எங்களிடம் சூட்டை மட்டும் கொண்டுவரும் காற்று. கிணறு இறங்கும், புல் கருகும், பூ அருகிவிடும்.

தையிலிருந்து வைகாசி வரை உள்ள அந்த மாதங்களுக்குள் ஒரு தேனீக் குடும்பம் வதை கட்டி, ஆளைப் பெருக்கி, கச்சானைத் தாங்குகிற அளவுக்குத் தேனும் சேர்த்துவிட வேண்டும். பெட்டி வைக்கிறவர் செய்கிற எல்லா வேலையும் இந்தக் கெடுவுக்குள் அடங்க வேண்டும்.

காலத்துக்கு அடுத்தது இடம். பெட்டி வைக்க நினைக்கிற இடத்தில் நின்று சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் வட்டத்தை மனதில் போட்டுப் பாருங்கள். எங்கள் நாட்டுத் தேனீ தூரம் போகிற பூச்சி இல்லை. 1950களில் மார்ட்டின் லிண்டவர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் பேராதனைக்கு வந்து, இங்குள்ள தேனீ இனங்கள் ஆட்டத்தால் ஒன்றுக்கொன்று பூ இருக்கும் தூரத்தைச் சொல்லிக்கொள்வதை அளந்து பார்த்தார். ஐரோப்பியத் தேனீ பல கிலோமீட்டர் போய் மேயும். எங்கள் தேனீயின் நடமாட்டம் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது என்று அவருடைய வேலையிலிருந்து தெரியவந்தது.

துறைமுகத்தைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். உவர்மலையிலோ உட்துறைமுக வீதியிலோ பெட்டி வைத்தால் அந்த வட்டத்தில் பாதி கடல். தேனீக்குக் கடலில் ஒன்றும் இல்லை. மீதிப் பாதியில் வீடுகளும் கச்சேரியும் கடையும் போக, எத்தனை தென்னை, எத்தனை வேம்பு, எத்தனை முருங்கை இருக்கின்றன என்று நடந்தே பாருங்கள். தென்னையை நான் முதலில் எண்ணச் சொல்வேன், அது வருடம் முழுக்கப் பாளை விடும் மரம். மற்றதெல்லாம் அடங்கிப்போன மாதத்திலும் ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சம் மகரந்தம் கொடுத்து உயிரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பாலையூற்று, ஆண்டாங்குளம், கன்னியா என்று உள்ளே போகப் போக வட்டம் முழுவதும் தரையாகிவிடும். கிண்ணியாவிலும் மூதூரிலும் கடலோரம் என்றாலும் கண்டல் காடு இருக்கிறது, அதன் பூவும் தேனீக்கு உதவும். துறைமுகக் கரை வளவில் இரண்டு பெட்டிக்கு மேல் நான் சொல்லமாட்டேன். இடம் காணாததால் இல்லை, பூ காணாததால்.

எந்தத் தேனீ என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் நாட்டில் தேன் சேர்க்கிற வகை நான்கு. உயர்ந்த கிளையிலும் பாறையிலும் ஒற்றை வதையாகத் தொங்கவிடும் பெருந்தேனீ. பற்றைக் கிளையில் கையகல வதை கட்டுகிற கொம்புத்தேனீ. சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் இருக்கும், கொட்டாத கொசுத்தேனீ. நான்காவது, மரப்பொந்துக்குள் இருட்டில் வதைகளை வரிசையாகக் கட்டுகிற பொந்துத் தேனீ. பெட்டிக்குள் வரிசையாகச் சட்டம் கோத்து வைக்க ஒத்துக்கொள்வது இந்தக் கடைசி வகைதான்.

இந்தத் தேனீயைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய குறிப்புகளில் ஒன்றுக்கு எங்கள் கொட்டியாரக் குடாதான் வாசல். ரொபர்ட் நொக்ஸும் அவருடைய தகப்பனாரும் வந்த ஆன் என்ற கப்பல் புயலில் பாய்மரம் முறிந்து, திருத்த வேலைக்காக அந்தக் குடாவுக்குள் வந்தது. 1660இல் மூதூர்ப் பக்கத்தில் வைத்துக் கண்டி அரசனின் ஆட்கள் அவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பனார் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் தப்பிப் போய் 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். அதில் அவர் மூன்று வகைத் தேனீயைச் சொல்கிறார். பொந்திலும் கறையான் விட்டுப்போன குழியிலும் இருக்கிற வகையைச் சொல்லும்போது, ஆட்கள் வாயால் ஊதிவிட்டு வெறுங்கையை உள்ளே விட்டு வதையை எடுக்கிறார்கள், கொட்டுக்குப் பயப்படுவதே இல்லை என்று வியந்து எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது இன்றைக்கு நாங்கள் பெட்டியில் வைக்கிற அதே பொந்துத் தேனீயை. வாயால் ஊதுகிற வழக்கத்தை மூதூருக்கு அப்பால் காட்டுத்தேன் எடுக்கிற ஒரு முதியவரிடம் நானே கண்டிருக்கிறேன். மெதுவாக, நீளமாக, சூடில்லாத மூச்சாக ஊதுவார்.

யூடியூபில் காட்டுகிற பெரிய பெட்டிகளும், முழங்கை நீளச் சட்டங்களும், வாளி வாளியாகத் தேனும் ஐரோப்பியத் தேனீக்கு உரியவை. அந்த இனம் எங்கள் நாட்டில் இல்லை. கொண்டுவரவும் கூடாது. அதன் நோய்கள் எங்கள் தேனீக்குத் தொற்றினால் காட்டில் உள்ளதையும் இழந்துவிடுவோம். ஆகவே அந்தக் காணொளிகளைப் பார்த்துப் பெட்டியளவு எடுக்காதீர்கள்.

எங்கள் தேனீக்குப் பொருந்துகிற பெட்டிகளில் தமிழர் நன்றாக அறிந்தது நியூட்டன் பெட்டி. 1910களில் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் இருந்த நியூட்டன் பாதிரியார் இந்த இனத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது. புழு அறையில் ஏழு சட்டம். ஒரு சட்டத்தின் உள்ளளவு 20.6 சென்ரிமீற்றர் நீளம், 14.4 சென்ரிமீற்றர் உயரம். மேலே வைக்கிற தேன் அறைச் சட்டம் அதே நீளம், உயரம் மட்டும் 6.2. சட்டத்தின் மேற்கட்டை 2.2 சென்ரிமீற்றர் அகலம். இரண்டு சட்டத்துக்கு நடுவே 7, 8 மில்லிமீற்றர் இடைவெளி. அமெரிக்காவில் லாங்ஸ்ட்ரோத் 1851இல் கண்டுபிடித்து உலகம் முழுக்கத் தேனீப் பெட்டியை மாற்றிப்போட்டது இந்த இடைவெளி விஷயத்தைத்தான். இரண்டு தேனீ முதுகோடு முதுகாக நடமாடப் போதுமான வழி விட்டால் அதை வழியாகவே வைத்திருக்கும். கூடிப்போனால் அதற்குள்ளும் வதை கட்டி இரண்டு சட்டத்தையும் ஒட்டிவிடும். பிறகு ஒன்றைத் தூக்கினால் இரண்டும் கிழியும்.

ஓடாவியாரிடம் பெட்டி சொல்லும்போது இதை நின்று விளங்கப்படுத்துங்கள். கதவு, யன்னல் செய்கிற கைக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பெரிதில்லை. தேனீக்கு அதுதான் எல்லாம். ஏழு சட்டமும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டாலும் பொருந்த வேண்டும். பலகை காய்ந்த பலகையாக இருக்கட்டும். எண்ணெய் வாசமோ மருந்து வாசமோ உள்ள பலகை வேண்டாம். வெளிப்பக்கம் வெளிர்நிறப் பூச்சு அடிக்கலாம், உள்ளே எதுவும் பூசக்கூடாது.

பெட்டி நிற்க இடுப்பளவு உயரத்துக்கு ஒரு நிலை. நாலு காலுக்கும் அடியில் தண்ணீர்ச் சிரட்டையோ பழைய ரின்னோ வைத்தால்தான் முசுறும் மற்ற எறும்பும் ஏறாது. கச்சான் காலத்தில் அந்தத் தண்ணீர் ஒரே நாளில் வற்றும், வற்றிய இரவே எறும்பு ஏறிவிடும். ஆகவே கொஞ்சம் பழைய எஞ்சின் ஒயிலைத் தண்ணீருக்கு மேல் விடுங்கள். நகரத்துக்குள் இருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை புள்ளிமான். கோட்டைப் பக்கத்திலிருந்து வீதி வழியே வந்து வளவுக்குள் மேயும், கொம்பை நிலையில் உரசும். நிலை ஆடாமல் உறுதியாக நின்றால் பயமில்லை.

வாசல் கிழக்கைப் பார்த்தபடி இருக்கட்டும். காலை வெயில் வாசலில் விழுந்தால் வேலைக்காரத் தேனீக்கள் நேரத்தோடு வெளிக்கிடும், பின்னேரச் சூடும் கச்சானும் பெட்டியின் முதுகில்தான் அடிக்கும். மாமரத்துக்குக் கீழே வைத்தாலும் கூரைக்கு மேல் இரண்டு மடிப்புக் கிடுகு போடுங்கள். தகரம் போடாதீர்கள். பெட்டிக்குள் புழு இருக்கிற நடுப்பகுதியைத் தேனீக்கள் எப்போதும் 33 முதல் 35 பாகைக்குள் வைத்திருக்கப் பார்க்கும். வெளியே 36, 37 என்று ஏறும்போது தண்ணீர் கொண்டுவந்து வதையில் தடவி, வாசலில் நின்று சிறகடித்துக் காற்று வீசும். இப்படி வீசும்போது ஐரோப்பியத் தேனீ தலையை வாசலை நோக்கி வைத்து உள்காற்றை வெளியே இழுக்கும். எங்கள் தேனீ முகத்தை வெளிப்பக்கம் திருப்பி நின்று வெளிக்காற்றை உள்ளே தள்ளும். ஆடி மாத மத்தியானத்தில் வாசல் பலகையில் வரிசையாக நின்று இதைச் செய்வதைப் பார்த்தால், பக்கத்தில் ஒரு பரந்த சட்டியில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வைக்காமல் போக மனம் வராது. கல் முக்கியம், அது இல்லாவிட்டால் தண்ணீர் எடுக்க வருவது விழுந்து செத்துப்போகும்.

குடும்பத்தைப் பிடிப்பதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழைய மண்முட்டியின் உட்புறம் தேன்மெழுகு தேய்த்து, சின்னத் துளையோடு நிழலில் கட்டித் தொங்கவிட்டுக் காத்திருப்பது. தை, மாசியில் இடம் தேடிவருகிற கூட்டம் அதற்குள் குடியேறும். மற்றது, வெட்டவேண்டிய மரப்பொந்திலோ இடிக்கவேண்டிய சுவரிலோ இருக்கிற கூட்டை மாற்றுவது. காட்டில் சுகமாக இருக்கிற கூட்டைப் பெட்டிக்காக வெட்டிக் கொண்டுவருவதை நான் விரும்பவில்லை. முட்டி கட்டினால் வரத்தான் செய்கின்றன.

முட்டியிலிருந்து பெட்டிக்கு மாற்றுகிற வேலையை வெயில் தாழ்ந்த பின்னேரம் தொடங்குங்கள். பொச்சுமட்டையைப் பற்றவைத்து, நெருப்பு அணைந்து புகை மட்டும் நிற்கும்போது இரண்டு மூன்று தரம் மெதுவாகக் காட்டினால் போதும். தேனீக்கள் வதையை விட்டு மேலே ஏறி ஒரு பக்கம் திரளும். கூரான மெல்லிய கத்தியால் வதையை அடியோடு அறுத்து உள்ளங்கையில் வாங்குங்கள். புதுவதை பால்வெள்ளை, புழு வளர்ந்த வதை பழுப்பு. புழுவும் முட்டையும் உள்ள வதையை மட்டும் சட்டத்துக்குள் பொருத்தி, ஈரப்படுத்திய வாழைநாரால் இரண்டு மூன்று சுற்றுக் கட்டவேண்டும். முட்டிக்குள் எது மேல் பக்கமாக இருந்ததோ அது சட்டத்திலும் மேல் பக்கமாகவே இருக்க வேண்டும், அறைகள் லேசாக மேல்நோக்கிச் சரிந்திருப்பதைப் பார்த்தால் தெரியும். தேன் நிறைந்த வதையைக் கட்டவேண்டாம். பாரத்தில் அறுந்து விழும், வடிகிற தேனுக்கு இரவோடிரவாக எறும்பு வரும். அதை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இராணி எந்தக் கூட்டத்தில் நிற்கிறாள் என்று தெரியாவிட்டால் தேடி மினக்கெடாதீர்கள். திரளைக் கைநிறைய அள்ளியோ சுளகில் தட்டியோ பெட்டிக்குள் விட்டால், அவள் உள்ளே போய்விட்டாளா என்பதை மற்றவை காட்டும். வாசலில் நின்று வயிற்று நுனியை உயர்த்திச் சிறகடித்துக் கூப்பிடத் தொடங்கினால் அவள் உள்ளே இருக்கிறாள். வெளியில் நிற்கிறவை நடந்தே உள்ளே போகும். இருட்டிய பிறகு, வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையக்கூடிய இடைவெளியுள்ள தடுப்பை வாசலில் வைத்து ஒரு கிழமை அளவுக்கு விடுங்கள். புதுவீடு பிடிக்காமல் கூட்டம் கிளம்பினாலும் இராணி வெளியே வர முடியாததால் திரும்பி வந்துவிடும். அதற்கு மேல் தடுப்பு வைத்தால் ஆண் தேனீக்கள் போக வழியில்லாமல் உள்ளே மாண்டுபோகும்.

மாற்றிய பெட்டியை மறுநாளே திறந்து பார்க்கவேண்டும் என்று கை துருதுருக்கும். திறக்காதீர்கள். வாசலுக்குக் கீழே நிலத்தைப் பாருங்கள். சில நாளில் பொடிப்பொடியாகக் கடிக்கப்பட்ட வாழைநார் அங்கே விழுந்து கிடக்கும். வதையைச் சட்டத்தோடு தங்கள் மெழுகால் ஒட்டிக்கொண்டு, இனித் தேவையில்லை என்று நாரை வெட்டி வெளியே இழுத்துப் போட்டிருக்கின்றன என்று அர்த்தம். அது விழத் தொடங்கினால் குடும்பம் தங்கப்போகிறது. புதுப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

அடுத்தது கால்கள். வருகிற தேனீயின் பின்னங்காலில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ செம்மஞ்சளாகவோ மகரந்த உருண்டை இருக்கிறதா? மகரந்தம் புழுவுக்குக் கொடுக்கிற சாப்பாடு. உருண்டையோடு விறுவிறென்று உள்ளே போனால் உள்ளே புழு வளர்கிறது, இராணி முட்டை வைக்கிறாள். இதைத் தெரிந்துகொள்ள மூடியைத் திறக்கவே தேவையில்லை. மூதூர் முதியவர் என்னிடம் சொன்னது இதைத்தான்: "பிள்ளை, வாசலைப் பார்க்கத் தெரிஞ்சவன் வீட்டைத் திறக்கமாட்டான்." எங்கள் தேனீயைப் பொறுத்தவரை இது முழு உண்மை. அடிக்கடி தொந்தரவு செய்தால் ஐரோப்பியத் தேனீ சினந்து கொட்டிவிட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கள் தேனீ எழும்பிப் போய்விடும்.

ஆனாலும் இரண்டு கிழமைக்கு ஒரு தரமாவது திறந்துதான் ஆகவேண்டும், பூக்காலத்தில் இன்னும் கொஞ்சம் அடிக்கடி. நல்ல நேரம் காலை எட்டு ஒன்பது மணி. வேலைக்காரத் தேனீயில் பாதி வெளியே போயிருக்கும், வெயில் ஏறியிருக்காது. மத்தியானத்தில் திறக்கவே கூடாது. சூட்டில் புதுமெழுகு இளகி நிற்கும், சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்தாலும் வதை புழுவும் தேனுமாக அறுந்து விழும். காலையிலும்கூடச் சட்டத்தை நிமிர்த்தியே பிடியுங்கள். மறுபக்கம் பார்க்க வேண்டுமானால் ஒரு முனையை மேலே உயர்த்தி, செங்குத்தாக நிற்கவைத்துத் திருப்பி இறக்க வேண்டும். தட்டையாகப் படுக்கவைக்கக்கூடாது. வெளிர்நிறச் சட்டை, முகத்துக்கு வலை, வாசனை பூசாத உடம்பு. கதலிப்பழம் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். கொட்டும்போது தேனீ வெளிவிடுகிற எச்சரிக்கை வாசமும் வாழைப்பழ வாசமும் ஏறக்குறைய ஒன்று. கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே வழித்துவிட்டு அந்த இடத்தில் புகை காட்டுங்கள். கொட்டிய இடம் வீங்குவது வழமை. மூச்சு முட்டினாலோ உடம்பு முழுக்கத் தடித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பெட்டி வைக்கிற வீட்டில் எல்லாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

மூடியைத் தூக்கியதும் "உஸ்" என்ற சத்தம் ஒரு முனையில் கிளம்பி மறுமுனைக்கு ஓடும். பயப்படவேண்டாம், அது இந்த இனத்தின் பழக்கம். கொஞ்சம் பொறுத்தால் அடங்கும். ஓரத்துச் சட்டத்தை முதலில் வெளியே எடுத்து இடம் உண்டாக்கிக்கொண்டு, நடுச் சட்டத்துக்கு வாருங்கள். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து, அறைகளின் அடி தெரிகிற மாதிரிச் சரித்துப் பாருங்கள். அறைக்கு ஒன்றாக, அடியில் குத்திட்டு நிற்கிற வெள்ளை நூல்துண்டுபோல முட்டை தெரியும். முட்டை மூன்று நாளில் பொரித்துவிடும். ஆகவே முட்டையைக் கண்டால் மூன்று நாளுக்குள் இராணி அங்கே நடந்திருக்கிறாள். அவளைக் கண்ணால் காணவேண்டிய அவசியம் இல்லை, சட்டத்தை வைத்துவிடலாம். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை தாறுமாறாக ஒட்டியிருந்தால் இராணி இல்லாமல் வேலைக்காரத் தேனீயே முட்டை வைக்கிறது. அது கெட்ட செய்தி.

முட்டைக்குப் பிறகு புழு, புழுவுக்குப் பிறகு மூடிய அறை. வேலைக்காரத் தேனீயின் மூடி தட்டையாக, பழுப்பாக, இடைவெளி இல்லாமல் பரவியிருந்தால் நல்ல இராணி. ஆண் தேனீயின் மூடி கூம்பாக எழும்பி, நடுவில் ஊசித்துளை ஒன்றோடு இருக்கும். ஐரோப்பியத் தேனீயில் இந்தத் துளை இல்லை. முதன்முறை பார்க்கிறவர்கள் நோய் என்று நினைத்துப் பதறுவார்கள். உண்மையில் அது குடும்பம் செழித்துவிட்டதற்கு அடையாளம். சோறு மிஞ்சிய வீட்டில்தான் ஆண் தேனீ வளரும்.

எதிரிகளில் எறும்பைச் சொல்லிவிட்டேன். குளவி வாசலில் வந்து நின்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். பலமான குடும்பம் அதைச் சுற்றிப் பந்தாகத் திரண்டு, உடம்புச் சூட்டை ஏற்றியே கொன்றுவிடும். ஜப்பானில் இதே இனத்தின் பந்தை அளந்தபோது உள்ளே 46 பாகை அளவில் இருந்தது. பஞ்சுருட்டான்கள் வாடையோடு வந்து மின்கம்பியில் உட்கார்ந்து பறப்பதைப் பிடிக்கும், அவற்றை விட்டுவிடுங்கள், அவையும் வாழவேண்டும். கவனமாக இருக்கவேண்டியது மெழுகுப்பூச்சி. சாம்பல்நிற அந்து, இரவில் வந்து இடுக்கில் முட்டை வைக்கும். அதன் புழு வதைக்குள் நூல் பின்னிக்கொண்டே துளைத்துப் போகும். அடிப்பலகையில் மெழுகுத் தூளும் கறுப்புக் கடுகு அளவில் எச்சமும் கண்டால் அது வந்துவிட்டது. எங்கள் தேனீ ஐரோப்பியத் தேனீயைப் போல மரப்பிசினைக் கொண்டுவந்து இடுக்கை அடைக்காது. ஆகவே இடுக்கு இல்லாமல் பெட்டி செய்வதும், கிழமைக்கொரு தரம் அடிப்பலகையை வழித்துத் துடைப்பதும் எங்கள் வேலை. தேனீக்கள் மூடி நிற்காத கறுத்த வதை இருந்தால் எடுத்து உருக்கிவிடுங்கள்.

கச்சான் எழும்பியதும் பார்வை மாறவேண்டும். தேன் எவ்வளவு என்று பார்க்கிற காலம் முடிந்தது, மேல் ஓரத்தில் இன்னும் தேன் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மகரந்த உருண்டை குறைந்து, முட்டை இல்லாமல் போய், தேனறைகள் காலியாகி, ஆள் இருந்தும் வாசலில் வேலை நடக்காவிட்டால் குடும்பம் புறப்பட ஆயத்தமாகிறது. கடைசிப் புழுவும் தேனீயாகி வெளியே வரும்வரை காத்திருந்து, மீதித் தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு ஒரு காலைப்பொழுதில் மொத்தமாக எழும்பிப் போகும். காட்டில் பொந்து மாறி மாறி வாழ்ந்த இனம், பஞ்சத்தில் இடம் மாறுவது அதன் பிழைப்பு. ஆகவே அந்த அடையாளம் தெரிவதற்கு முன்பே, சீனியும் தண்ணீரும் சம அளவு கரைத்த பாகைப் பொழுதுபட்ட பிறகு பெட்டிக்கு உள்ளேயே வைத்துக் கொடுங்கள். மிதக்கக் குச்சி போடுங்கள். வெளியே சிந்தினால் எறும்பும் பக்கத்துக் கூட்டத் தேனீயும் கொள்ளைக்கு வரும். தேன் அறை வைத்திருக்கிற பூக்காலத்தில் பாகு கொடுக்கவே கூடாது. கொடுத்தால் போத்தலில் இறங்குவது சீனிப்பாகு. தேன் என்று சொல்லி அதை ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது.

தம்பலகாமத்திலும் வயலோரங்களிலும் பெட்டி வைக்கிறவர்களுக்குக் கச்சானைவிடப் பெரிய ஆபத்து மருந்து. நெல் பூக்கும்போது காலையில் தேனீ மகரந்தத்துக்கு வயலில் இறங்கும். பக்கத்து வயல்காரரிடம் போய், மருந்தைப் பின்னேரம் அடிக்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டுக்குப் போய்த் தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். யானை இறங்குகிற ஊர்க்காரர்களுக்கு ஒரு சேதியும் உண்டு. கென்யாவில் தேனீப் பெட்டிகளைக் கம்பியில் கோத்து யானை வேலி போட்ட லூசி கிங், எங்கள் நாட்டு யானைகளுக்கு எங்கள் தேனீயின் இரைச்சலைப் போட்டுக் காட்டிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. யானைகள் சத்தம் கேட்டுப் பின்வாங்கின. எங்கள் தேனீ சாதுவானது என்பதால் இங்கே வேலி எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம். என்றாலும் கந்தளாய், சேருவில பக்கம் இதை முயன்று பார்க்கவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

தேன் எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் வருடம் எடுக்காமல் விட்டால் நல்லது. எடுப்பதானால் மேலறையில் முக்கால்வாசி மூடிய சட்டத்தை மட்டும் எடுங்கள். மூடாத தேனில் தண்ணீர் கூட, போத்தலில் நுரைத்துப் புளித்துவிடும். புழு அறையில் உள்ள தேன் குடும்பத்தின் கச்சான் கால அரிசி, அதில் கைவைக்கக்கூடாது. எங்கள் இனம் வருடத்தில் தருவது சில போத்தல்தான். தீக்குச்சியை நனைத்துப் பற்றவைப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது போன்ற பரிசோதனைகள் எதையும் நிரூபிக்காது. நல்ல தேன் வேண்டுமென்றால் எடுக்கிறவரைத் தெரிந்திருக்க வேண்டும். மூதூர், வெருகல், வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் குடும்பங்கள் இந்தக் காட்டின் தேனைத் தலைமுறை தலைமுறையாக எடுத்து வருகிறார்கள். எந்த மரம் எப்போது பூக்கும் என்று நான் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு அந்தப் பக்கத்து ஆட்களின் வாயிலிருந்து வந்தது. அவர்களிடம் தேன் வாங்கும்போது விலை பேசிக் குறைக்காதீர்கள்.

கேட்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது ஒரு பெட்டியை எப்போது இரண்டாக்குவது என்பதில். ஊசித்துளை மூடிகள் நிறையக் கண்ட பிறகு, பங்குனி முடிவதற்குள். ஆண் தேனீ பறக்கிற காலத்தில்தான் புது இராணிக்குத் துணை கிடைக்கும். முட்டையும் இளம்புழுவும் உள்ள இரண்டு மூன்று சட்டத்தை அவற்றின் மேல் நிற்கிற தேனீக்களோடு பழைய இடத்தில் விட்டு, பழைய இராணியை மீதியோடு புதுப் பெட்டிக்கு மாற்றித் தள்ளி வையுங்கள். இராணி இல்லாத பக்கம் தானே இராணி அறை கட்டும். அவள் பிறந்து, பறந்து கூடி, முட்டை வைக்கத் தொடங்கச் சுமார் மூன்று நான்கு கிழமை ஆகும். அதன் பிறகும் ஆள் பெருகப் பூ இருக்கவேண்டும். சித்திரை நடுப்பகுதி தாண்டிவிட்டால் அந்த வருடம் பிரிக்காதீர்கள். அடுத்த தைக்கு இரண்டாவது பெட்டி தயாராக இருக்க, மழை தொடங்குவதற்கு முன்பே ஓடாவியாரிடம் பலகைக்கும் இன்னும் ஏழு சட்டத்துக்கும் சொல்லிவையுங்கள். ஈரக் காலத்தில் பலகை காயாது.